சாராயத்தின் தரம் பார்த்தவர்கள்

அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. காய்ச்சும் பானையின் மூடியிலும் குழாயிலும் ஆவி குளிர்ந்து துளித்துளியாக அரும்புவதைக் கண்டவர்கள் அத்திரவத்துக்கு இட்ட பெயர் அது. இந்து சமுத்திரத்தின் துறைமுகங்கள்தோறும் வணிகர்களோடு அந்தச் சொல்லும் இறங்கியது. துருக்கியரின் 'ரக்கி' அதன் வழிவந்தது. சிங்களத்தின் 'அரக்கு' அதுவே. ஆங்கிலேயர் எழுதி வைத்த 'அரக்' என்பதும் அதுதான். தமிழர் சாராயம் என்கிறோம். இன்றைய வேடிக்கை என்னவென்றால், அரபு வணிகரைத் தம் முன்னோராகக் கருதும் மக்கள் வாழும் இலங்கையின் கரையோர ஊர்களில் அந்தச் சொல் மட்டும் உண்டு. அந்தத் திரவத்தை அவர்கள் தொடுவதில்லை.

புத்தளம் மாவட்டத்தின் ஆலங்குடா அத்தகைய ஊர்களில் ஒன்று. கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் திறந்த கடலுமாக நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், கடலைப் பார்த்து அமைந்திருக்கிறது. இப்னு பதூதா 1344இல் இலங்கையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது இந்தப் புத்தளக் கரையிலேதான். ஒல்லாந்தர் 1667 தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் கட்டி முடித்த கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இந்தக் குடாநாட்டிலும் புத்தளத்தைச் சுற்றியும் ஓலைக் குடிசைகளில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 2011இல் அயலூரான நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. போர் முடிந்தபின் ஓங்கில்களைப் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கு விளையாடவும் வெளிநாட்டார் வரலாயினர். அவர்களுக்கென விடுதிகள் எழுந்தன.

அத்தகைய விடுதி ஒன்றின் மதுத்தட்டில் இரண்டு போத்தல்கள் அருகருகே நின்றன. ஒன்று அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து வந்த போர்பன் விஸ்கி. மற்றையது நம் நாட்டுச் சாராயம். முதலாவதைப் பற்றி மேசையிலிருந்த விருந்தினர்களால் அரை மணிநேரம் பேச முடிந்தது. எந்தத் தானியம் எத்தனை பங்கு, எந்த மரத்துப் பீப்பாய், எத்தனை ஆண்டு, மூக்குக்கு என்ன வாசம், நாக்கின் எந்த இடத்தில் என்ன சுவை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டாவதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அதன் முகப்பில் புகழ்மொழிகளும் சாராயச்சத்தின் அளவும் மதுவரித் திணைக்களத்தின் ஒட்டியும் இருந்தன. உள்ளே இருப்பதில் எத்தனை பங்கு தென்னங்கள்ளிலிருந்து வடிந்தது என்ற விபரம் அந்தப் போத்தலில் இல்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவில் வடிக்கப்பட்டு, வரி விதிக்கப்பட்டு, குத்தகைக்கு விடப்பட்டு, ஏற்றுமதியாகி, அரசியல் இயக்கம் ஒன்றையே கிளப்பிவிட்ட ஒரு பொருளுக்குச் சுவையின் வரலாறு ஏன் இல்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. சாராயம் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். குடியால் குலைந்த குடும்பங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே நான் யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. ஒரு பொருளின் தரத்தை யார் தீர்மானித்தார்கள், எதற்காகத் தீர்மானித்தார்கள் என்று கேட்பது வரலாற்று மாணவனின் வேலை.

தமிழருக்கு மதுவைச் சுவைத்துச் சொல்லத் தெரியாது என்று எவரேனும் எண்ணினால் சங்க நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும். கள், நறவு, தோப்பி, தேறல் என்று பெயர்களிலேயே வகை பிரித்தவர்கள் நம்மவர்கள். தேறல் என்றால் தெளிந்தது. மூங்கிற் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறலைப் பற்றிப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிட்டார் புறநானூற்றுப் புலவர். சினந்த பாம்பின் வேகத்துக்கு ஒப்பிட்டது சிறுபாணாற்றுப்படை. வடிக்கும் கலை இங்கு வருவதற்கு நெடுங்காலம் முந்திய, புளிக்கவைத்த மது அது. ஆயினும் மரக்கலத்தில் முதிர வைப்பதும், முதிர்ந்தபின் நாவில் ஏறும் கடுப்பை உவமையால் அளப்பதும் அக்காலத்திலேயே இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய விஸ்கி ஏடுகளில் வரும் வருணனைகள் இவற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நிற்க. தென்னஞ் சாராயம் எப்படிப் பிறக்கிறது என்பதை அறியாமல் அதன் தரத்தைப் பேச முடியாது. விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி, அதன் கீழ் முட்டியைப் பொருத்துவார் சீவல் தொழிலாளி. வடியும் சாறு இனிப்பானது. அதில் இருப்பது பெரும்பாலும் கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே காற்றிலும் முட்டியிலும் குடியிருக்கும் நொதியங்கள் வேலையைத் தொடங்கிவிடும். எவரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் அது கள்ளாகிவிடுகிறது. மறுநாளைக்குள் காய்ச்சாவிட்டால் வினாகிரியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். விஸ்கிக்காரருக்குத் தானியம் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும். சாராயம் வடிப்பவருக்கு ஒரு நாள்தான் தவணை. எனவேதான் வடிசாலைகள் தென்னந்தோப்புகளுக்குப் பக்கத்திலேயே எழுந்தன. பாணந்துறை, வாதுவை, களுத்துறைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் இரட்டைக் கயிறு கட்டி, கீழ்க்கயிற்றில் கால் வைத்து மேற்கயிற்றைப் பிடித்தபடி ஆகாயத்திலேயே நடந்து கள் இறக்கியவர்களைத் தெருவில் போவோர் அண்ணாந்து பார்ப்பதுண்டு. வடமேற்கே மாரவிலை, நாத்தாண்டியாப் பக்கமும் சீவல் நடக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் தென்னைகள் பெரும்பாலும் காய்க்காக நிற்பவை.

வடித்ததை வைத்து முதிர்விக்கச் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சாவண்டலை என்றும் சொல்லப்படும் மரத்தால் பெருந்தொட்டிகள் செய்தார்கள். ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிய மசூலாப் படகுகளுக்கும் இந்த மரம் போயிருக்கிறது. பீப்பாய் என்ற சொல்லையும் தவறணை என்ற சொல்லையும் போர்த்துக்கேயர் நம் வாயில் விட்டுப்போனார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். சாராயத்தின் தமிழ்ச் சொற்களைத் தட்டிப் பார்த்தால் கப்பல்களின் ஓசை கேட்கும்.

ஒல்லாந்தர் இந்தப் பொருளின் சுவையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதன் பெறுமதியைப் பற்றி நன்றாகவே கவலைப்பட்டார்கள். சாராயம் வடித்து விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் முறை அவர்கள் காலத்தில் உறுதிப்பட்டது. 1796இல் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு விரிவாக்கினார்கள். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் தவறணைகள் மலைநாட்டிலும் ஏறின. கோப்பித் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தார்கள். அவர்களின் கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தவறணை வாசல் திறந்திருந்தது.

குத்தகை ஏலத்தில் போனது. அதிகத் தொகை கேட்டவருக்கு அந்தப் பகுதியின் தவறணைகள் அனைத்தும் சொந்தம். ஏலத்தில் கட்டிய பணத்தை மீட்க வேண்டும், அதற்குமேல் இலாபமும் பார்க்க வேண்டும். விலையை அவர் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. அப்படியானால் கையில் இருக்கும் வழி என்ன? தண்ணீர். சாராயத்தில் தண்ணீர் கலப்பதைப் பற்றிய முறைப்பாடுகள் குத்தகை முறையோடு கூடப் பிறந்தவை. அரசு தன் பங்குக்கு ஒரு கருவியைக் கையில் எடுத்தது.

அதற்கு முன் மதுவின் வலிமையைப் பார்த்த விதம் வேடிக்கையானது. வெடிமருந்தில் மதுவை ஊற்றிப் பற்ற வைப்பார்கள். மருந்து எரிந்தால் மது வலியது. எரியாவிட்டால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. 'புரூப்' அல்லது நிரூபணம் என்ற அளவுச் சொல் அந்தச் சோதனையின் எச்சம் என்பார்கள். போத்தலைக் குலுக்கி, எழும்பும் குமிழ்மணிகள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்ப்பது இன்னொரு முறை. பல நாடுகளில் வடிப்போர் கைகண்டது இது. 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சைக்ஸ் என்பவரின் நீரமானியைச் சட்டபூர்வமான கருவியாக்கியது. மிதக்கும் குண்டு, மேலே அளவிட்ட தண்டு, சேர்த்துக்கொள்ளச் சில எடைகள், கூடவே ஒரு வெப்பமானி. பிரித்தானிய அளவில் நூறு புரூப் என்பது இன்றைய கணக்கில் 57.1 சதவீதச் சாராயச்சத்து. அமெரிக்கக் கணக்கில் அதே நூறு வெறும் 50 சதவீதம்தான். போத்தலைப் பார்ப்பவர்கள் ஏமாறக்கூடாது.

நீரமானி ஒரு சிறந்த கருவி. அது ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: எத்தனை பங்கு சாராயச்சத்து, எத்தனை பங்கு தண்ணீர். வரி வசூலிப்பவருக்கு அது போதும். அந்தச் சத்து தென்னையிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா, கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வந்ததா என்று கேட்டால் நீரமானி வாய் திறக்காது. என் வாதத்தின் கரு இதுதான். இலங்கையில் சாராயத்தின் தரம் என்றால் அதன் வலிமை என்ற வழக்கம் கச்சேரி மேசையில் பிறந்தது. தொழிலாளியின் நாக்குக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

குத்தகையில் குவிந்த செல்வம் இலங்கையின் சமூக வரலாற்றையே மாற்றியது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையிலும் கோப்பியிலும் பெரும்பொருள் ஈட்டியவர். அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் விக்டோரியா மகாராணியின் மகனான எடின்பரோக் கோமகனுக்கு விருந்து வைத்தார். தங்கத் தட்டுகளில் பரிமாறினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். சாராயக் குத்தகை எப்படி ஒரு புதிய முதலாளி வர்க்கத்தை உருவாக்கியது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாகச் சொல்கிறது. பின்னாளில் மதுவிலக்கு மேடைகளில் முழங்கிய சில குடும்பங்களின் முதல் தலைமுறைப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அதில் படிக்கும்போது சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும்.

1904இல் ஓரளவு எழுந்து அடங்கிய மதுவொழிப்பு இயக்கம் 1912இல் பெரும் அலையானது. அவ்வாண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டமும், கள்ளுத் தவறணைகளைச் சாராயத் தவறணைகளிலிருந்து பிரித்து நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் புதிதாகத் திறக்கும் திட்டமும் அதற்குக் காரணம். வரியைப் பெருக்கக் குடியைப் பெருக்குகிறார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். எவ். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் பொதுவாழ்வில் முகம் காட்டிய மேடைகளில் அது முக்கியமானது. 1915 கலவரத்தை அடுத்து ஆங்கில அரசு இவர்களைச் சிறையில் இட்டபோது மதுவொழிப்பு இயக்கத்தையும் சேர்த்தே சந்தேகித்தது. பின்னர் ஊர் மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடும் ஏற்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் அது பலமாகவே பயன்பட்டது.

இந்த இயக்கத்தின் நேர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு. அரசுக்கு இது வருமானம். சீர்திருத்தவாதிக்கு இது பாவம். இரு தரப்புக்கும் இடையில், இது ஒரு விளைபொருள், இதற்கு ஒரு கைத்திறன் இருக்கிறது, நல்லதும் கெட்டதும் இருக்கிறது என்று பேச எவரும் மிஞ்சவில்லை. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியை எண்ணிப் பார்க்கிறேன். 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்ற நூலில் இலங்கையின் ஊர்களைத் தொகுத்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். ஊருக்கும் புலவருக்கும் பட்டியல் போட்ட அந்த மரபு வடிசாலையின் பக்கம் திரும்பவில்லை. படித்தவர்கள் வீட்டில் அது பேசும் பொருளாக இருக்கவில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கும் கதை வரியில்தான் தொடங்குகிறது. 1791இல் புதிய குடியரசு விஸ்கிக்கு வரி விதித்தது; மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகள் 1794இல் ஆயுதம் தூக்கும் வரை அது போனது. ஆனால் அடுத்த நூற்றாண்டின் இறுதியில் கதை வேறு திசையில் திரும்பியது. மலிவான வெறும் சாராயச்சத்தில் நிறமும் வாசமும் ஏற்றி விஸ்கி என்று விற்றவர்கள் சந்தையை நிறைத்திருந்தார்கள். புகையிலைச் சாறும் அயோடினும் கூடக் கலந்தார்கள் என்று அக்காலக் குற்றச்சாட்டுகள் சொல்கின்றன. உண்மையாக வடித்துப் பீப்பாயில் முதிர வைத்தவர்கள் எட்மண்ட் டெய்லர் என்ற கென்டக்கி வடிசாலை அதிபரின் தலைமையில் அரசிடம் போனார்கள். 1897இல் ஒரு சட்டம் வந்தது: ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் பூட்டுக்குள் நான்கு ஆண்டுகளாவது வைத்து, 50 சதவீத வலிமையில் போத்தலில் அடைத்தால் அரசே முத்திரை குத்தி உறுதி தரும்.

சண்டை அதோடு ஓயவில்லை. 1906இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தபின் எது விஸ்கி என்ற கேள்வி மூன்று ஆண்டுகள் நீண்டு, கடைசியில் குடியரசுத் தலைவர் டாப்ட்டின் மேசைக்கே போனது. 1909 டிசம்பரில் அவர் தீர்ப்பளித்தார். கலந்தவர்களும் விற்கலாம், ஆனால் கலவை என்று எழுதித்தான் விற்க வேண்டும். 1964இல் காங்கிரஸ் தீர்மானம் போர்பனை அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று அறிவித்தது. இன்று விதி தெளிவானது. தானியக் கூட்டில் 51 சதவீதமாவது மக்காச்சோளம். 80 சதவீத வலிமைக்கு மேல் வடிக்கக்கூடாது. உட்புறம் கரித்த புதிய ஓக் கலத்தில், 62.5 சதவீதத்துக்கு மேற்படாத வலிமையில் ஊற்ற வேண்டும். கலம் புதியதாக இருக்க வேண்டும் என்ற விதி பீப்பாய்த் தச்சருக்குச் சோறு போடுகிறது. 51 என்ற எண் சோளம் விளைப்பவருக்குச் சோறு போடுகிறது.

மீதிப் பங்கில்தான் வடிசாலைகள் தத்தம் குணத்தைக் காட்டுகின்றன. அதில் ரை என்னும் தானியத்தின் பங்கைக் கூட்டியவை 'உயர் ரை' போர்பன் எனப்படும். ரை என்பது கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுப் பயிர். இதைக் கம்பு என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள், கம்பு வேறு. உயர் ரை என்பதற்குச் சட்டத்தில் எல்லை கிடையாது. சாதாரணமாகப் பத்துப் பதினைந்து சதவீதம் ரை சேர்க்கும் இடத்தில் இருபதுக்கு மேலும் முப்பதுக்கு மேலும் போனால் அந்தப் பெயர் கொடுக்கிறார்கள். போர் ரோசஸ் வடிசாலையின் ஒரு தானியக் கூட்டில் 60 சதவீதம் சோளம், 35 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைவித்த வாற்கோதுமை. ஆலங்குடாவில் என் முன் இருந்தது அந்தக் கூட்டில் செய்த, ஒரே பீப்பாயிலிருந்து இறக்கிய, 50 சதவீத வலிமையுள்ள விஸ்கி.

சுவைத்துப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றிச் சில நிமிடம் சும்மா விட வேண்டும். முதலில் பறந்துபோகும் எரிச்சல் போகட்டும். மூக்கைக் கிண்ணத்துக்குள் திணிக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி தூரத்தில் வைத்து முகர வேண்டும். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். தீர்ப்பு இரண்டாவது மிடறிலேயே. பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு மறுபடி தொடங்க வேண்டும். வலிமை இறங்கும்போது அதுவரை அடங்கியிருந்த வாசங்கள் மேலே வரும்.

அந்தப் போர்பனில் முதலில் வந்தது கருகிய சீனிப்பாகும் வனிலாவும். இவை தானியத்தின் கொடை அல்ல. கரித்த ஓக் மரம் தருபவை. அதன்பின் ரை தலைகாட்டியது: மிளகின் உறைப்பு, கராம்பு, ஓரத்தில் புதினாபோன்ற ஒரு குளிர்ச்சி. விழுங்கியபின் நாக்கின் நடுவில் உலர்ந்த காரம் நெடுநேரம் நின்றது. சோளத்தின் இனிப்பு மட்டும் இருந்திருந்தால் பாகு குடித்தது போலிருந்திருக்கும். அதை வெட்டி நிமிர்த்துவது ரை. சாம்பாரில் பெருங்காயம் செய்வதை அது அங்கே செய்கிறது. அளவு மீறினால் கசப்பேறிக் கெட்டுவிடும். இந்த விஸ்கியில் மீறவில்லை. 50 சதவீத வலிமை தொண்டையைத் தாக்காமல் இறங்கியது. நல்ல சரக்கு என்று தயங்காமல் சொல்வேன். குறை ஒன்று சொல்ல வேண்டுமானால், மரத்தின் வாசம் சற்று உரக்கப் பேசுகிறது.

இன்னொன்றும் அதில் இருந்தது: தேங்காய் வாசம். கற்பனை இல்லை. அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் இயற்கையாக உள்ள லக்டோன் என்ற சேர்மம் தேங்காய்ப்பூ மணத்தைத் தருகிறது. விஸ்கி லக்டோன் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தென்னையையே கண்டிராத கென்டக்கி விஸ்கியில் தேங்காய் மணக்கிறது. தென்னையிலிருந்தே வந்த நம் சாராயத்தில் தேங்காய் மணக்காது. அது காயிலிருந்து வராமல் பாளையின் சாற்றிலிருந்து வருவது.

தென்னங்கள்ளை மட்டுமே கொண்டு வடித்து மரத்தொட்டியில் முதிர வைத்த பழைய சாராயம் ஒன்றை மறுநாள் அதே முறையில் பார்த்தேன். கள் விட்டுப் புளிக்கவைத்த அப்பமாவின் வாசத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த இளம்புளிப்பு அடியில் நிற்கிறது. அதன்மேல் கனிந்த வாழைப்பழம், உலர்ந்த பூ, சற்றுத் தோல் மணம். சாவண்டலை அடக்கமான மரம். ஓக் போல வனிலாவை அள்ளிப் பூசுவதில்லை. அதனால் மூலப்பொருள் முகமூடி இல்லாமல் தெரிகிறது. நாக்கில் போர்பனின் அகலம் இதற்குக் கிடையாது, முடிவும் குறுகியது. ஆனால் தெளிவு இருக்கிறது. தேறல் என்ற பழஞ்சொல் நினைவுக்கு வந்தது. தண்ணீர் அதிகம் விட்டால் இது உடைந்துவிடுகிறது. உயர் ரை போர்பன் தாங்கிக்கொள்கிறது. போர்பனுக்கு நூற்றுக்கு 85 கொடுத்தால் இதற்கு 78 கொடுப்பேன். அந்த ஏழு புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி மரத்துக்கும் வலிமைக்கும் உரியது, கள்ளுக்கு உரியதன்று.

சிக்கல் என்னவென்றால், இலங்கையில் சாராயம் என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி நான் அன்று சுவைத்ததைப் போன்றதன்று. கரும்புப்பாகிலிருந்து எடுத்த சுவையற்ற சாராயச்சத்தோடு தென்னஞ் சாராயத்தைச் சிறிதளவு கலந்த கலவைகள்தான் அதிகம் ஓடுகின்றன. சட்டத்தில் வகைப்பாடுகள் இருக்கின்றன; தூய தென்னஞ் சாராயம் என்று தனியாகவும் விற்கிறார்கள். ஆயினும் தவறணை வாசலில் நிற்பவருக்கு எல்லாம் சாராயமே. 1974இல் வடிசாலைகளுக்கென அரச கூட்டுத்தாபனம் வந்தது. 1992இல் அதன் வழிவந்த நிறுவனம் தனியார் கைக்குப் போனது. உரிமை கைமாறியது, டாப்ட் 1909இல் தீர்த்த கேள்வியை இங்கே எவரும் எழுப்பிப் போராடவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் சில போத்தல்களில் மட்டும் தென்னம்பூவின் சாறு, சாவண்டலைத் தொட்டி என்று கதை எழுதப்படுகிறது.

நாக்கை நம்பாதவர்கள் கணக்கைப் பார்க்கலாம். 750 மில்லிலீற்றர் போத்தலில் 33.5 சதவீதச் சாராயம் என்றால் உள்ளே கால் லீற்றர் சாராயச்சத்து இருக்கிறது. கள்ளில் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காய்ச்சும்போது சிறிதும் வீணாகாவிட்டாலும், ஒரு போத்தலுக்கு நான்கு லீற்றருக்கு மேல் கள் வேண்டும். ஒரு மரம் ஒரு நாளில் ஒன்றரை லீற்றர் தந்தால் அது மூன்று மரங்களின் ஒருநாள் உழைப்பு; மரத்துக்கு நாளைக்கு இருமுறையாவது ஏறி இறங்க வேண்டிய ஒரு மனிதனின் உழைப்பும் கூட. சீனியும் இரசாயனமும் கரைத்துச் செய்யும் செயற்கைக் கள்ளை மதுவரி உத்தியோகத்தர்கள் பிடித்த செய்திகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. மரத்தில் ஏறாமல் கள் செய்ய முடிந்தால், அதை நீரமானியும் ஏற்றுக்கொண்டால், மரத்தில் ஏறுபவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? வடமராட்சியில் திக்கம் வடிசாலையின் பனஞ் சாராயத்துக்கும் இதே கேள்வி உண்டு. அங்கே சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களாவது இருந்தன.

சுவைப்பவர்கள் யார் என்பதிலும் ஒரு குறை இருக்கிறது. 2018 சனவரியில் பெண்கள் மது வாங்குவதற்கு இருந்த பழைய தடையை நிதியமைச்சு நீக்கியது. சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் அது மீண்டும் வந்தது. உலகின் பெரிய வடிசாலைகள் சிலவற்றில் கலவையைத் தீர்மானிக்கும் மூக்கு பெண்ணுடையதாக இருக்கும் காலத்தில் நடந்தது இது.

சீவும் கைகளும் குறைந்து வருகின்றன. மரத்திலிருந்து விழுந்து முடமானவர்களை அறியாத ஊர் சீவல் தொழில் நடக்கும் பகுதிகளில் இராது. தம் மகன் அந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பாத தகப்பன்மாரைக் குற்றம் சொல்ல முடியாது. தோப்பு வைத்திருப்பவரின் கணக்கு வேறு. பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் காய் இல்லை. 2025இல் சந்தையில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், தன் இருபது ஏக்கரில் ஒரு மரத்தைக்கூடச் சீவலுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று சொன்னார். தூய தென்னஞ் சாராயத்துக்கென்று கள்ளுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எவ்வளவு கூடுதல் என்று திருப்பிக் கேட்டார்.